சமய வகுப்புக்கு முதலில் சம்மதம் கேட்க வேண்டியது பள்ளிதான்

பள்ளியில் சமய வகுப்பு நடத்தலாமா? அது யார் காசில் நடக்கும் பள்ளி என்பதைப் பொறுத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு அப்படித்தான் பிரிக்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனையே கூடாது. அரசு உதவிபெறும் பள்ளியிலும், அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியிலும் நடத்தலாம். ஆனால் ஒப்புதல் தராத எவரையும் அதில் உட்காரவைக்க முடியாது. 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும்.

பல பள்ளிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. "வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். பெற்றோர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகிவிடாது. சேர்க்கைப் படிவத்தின் அடியில் "பள்ளியின் எல்லா நிகழ்ச்சிகளிலும் பங்கேற்பார்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குவதும் நேர்மையில்லை. தனித்தாள் கொடுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனையாவது பாடவேளை, என்ன புத்தகம் என்று அதில் இருக்கட்டும். வகுப்புக்கு ஒரு கட்டம், வழிபாட்டுக்கு வேறொரு கட்டம். சட்டமே இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. பாடம் கேட்கச் சம்மதிக்கும் பெற்றோர் தேவாலயத் திருப்பலி வழிபாட்டுக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம்.

விலக்குப் பெற்ற பிள்ளையை வராந்தாவில் நிற்கவைப்பதுதான் மிகப் பெரிய தவறு. அது விலக்கல்ல, தண்டனை. பிள்ளை அடுத்த வாரமே "நானும் போகிறேன்" என்று வீட்டில் சொல்லும். கத்தோலிக்கப் பள்ளிகளில் மறைக்கல்வி எனப்படும் கிறித்தவ சமயப் பாட நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை வைக்கும் வழக்கம் உண்டு. நல்ல ஏற்பாடு, அங்கும் ஒரே சமயத்தின் ஜெபமும் கதைகளும் மட்டும் நுழையாதவரை.

சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு. தேசியப் பள்ளிப் பாடத்திட்டத்தை எதிர்த்து அருணா ராய் தொடுத்த வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. வினாத்தாளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ரம்ஜான் நோன்பு ஒரு நாளில் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்டால் அறிவு. இறைவனுக்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டால் போதனை.

தலைமையாசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1985 ஜூலையில் வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்வித் துறையின் சுற்றறிக்கையை வைத்துப் பேச்சுரிமையையும் மனச்சான்றுச் சுதந்திரத்தையும் பறிக்க முடியாது என்றது தீர்ப்பு. "மேலிடத்துச் சுற்றறிக்கை" என்று யாராவது தாளை நீட்டினால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வந்தது என்று முதலில் கேளுங்கள்.