இல்லாத 11 நாட்களும் நான் எழுதிய டாக்டர் ஹூ சீசனும்

முதல் வாரம்

டாக்டர் ஹூ பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர். காலத்தில் பயணிக்கும் வேற்றுக்கிரகவாசியான டாக்டர், சாகும் நிலை வந்தால் வேறு உடலும் முகமுமாக மாறிவிடுவார், வேறு நடிகர் தொடர்வார். 2025 மே மாதத்தின் கடைசி நாளில் வந்த எபிசோடில் ஷூட்டி கட்வாவின் டாக்டர் ஒளியாகக் கரைந்தார். ஒளி அடங்கியபோது அங்கே நின்றது பில்லி பைப்பர். 2005இல் டாக்டரின் பயணத் தோழி ரோஸாக வந்தாரே, அவரேதான். பெயர்ப் பட்டியலில் 'அறிமுகம்' என்று அவர் பெயரைப் போட்டார்கள், என்ன பாத்திரம் என்று போடவில்லை. அன்றிலிருந்து கை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த சீசனை நானே எழுதிப் பார்த்தால் என்ன? யாருக்கும் அனுப்ப இல்லை. எழுதித்தான் பார்ப்போமே என்றுதான்.

எபிசோடு எண்ணிக்கையை முதலில் முடிவு செய்தேன். 2005இல் 13, 2018இல் 10, 2024லும் 2025லும் 8. நானும் 8 என்று வைத்துக்கொண்டேன். ஒன்றுக்கு 45 நிமிடம், திரைக்கதையில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். ஆகமொத்தம் 360 பக்கம். இந்தப் பெருக்கலைப் போட்ட கையோடு உற்சாகம் பாதி இறங்கிவிட்டது. சரி, ஒரே ஒரு எபிசோடுக்கு முழுத் திரைக்கதை, மற்ற ஏழுக்கும் இரண்டு பக்கச் சுருக்கம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

டாக்டரின் முகம் யாருடையது என்ற சிக்கல் எனக்கு வரவே இல்லை. தமிழில் எழுதுவதால் கிடைத்த வசதி அது. 'அவர் வந்தார், அவர் சிரித்தார்' என்று எழுதிக்கொண்டே போகலாம். ஆணா பெண்ணா என்று கடைசிப் பக்கம் வரை முடிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம்

பெரிய தப்பு ஒன்று செய்தேன். கடைசி எபிசோடிலிருந்து ஆரம்பித்தேன். டாலெக்குகள், சைபர்மென், மாஸ்டர், அழும் தேவதைகள் என்று தொடரின் பழைய வில்லன்கள் எல்லோரையும் கொண்டுவந்தேன். திரும்பப் படித்தால் ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. வந்தவர்களுக்குப் பேச ஆளுக்கு இரண்டு வரி. உலகம் அழியப்போகிறது, ஆனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த 14 பக்கங்களைத் தனிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அதை இனி திறக்கப்போவதில்லை.

அப்புறம் எனக்கு நானே ஒரு விதி போட்டேன்: டாக்டரின் கைக்கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவர் கிடையாது. 1968இல் முதன்முதலாக வந்தபோது அது உண்மையிலேயே திருகாணி கழற்றும் கருவிதான். போகப்போக எந்தப் பூட்டையும் திறந்தது, எந்த இயந்திரத்தையும் நிறுத்தியது. எழுதுபவர்களுக்கு அது குறுக்குவழியாகிவிட்டது என்று அன்றைய தயாரிப்பாளர் ஜான் நேத்தன்-டர்னர் நினைத்ததால் 1982இல் கதையிலேயே அதை உடைத்துப் போட்டார்கள். நான் முதல் பக்கத்திலேயே உடைத்தேன். உடைத்த பிறகு என் ஏழு சுருக்கங்களையும் மறுபடி பார்த்தால் மூன்று அப்படியே சரிந்துவிட்டன. மூன்றிலும் முடிவு ஒன்றுதான்: டாக்டர் அந்தக் குச்சியை நீட்டுகிறார், கதவு திறக்கிறது. நானே எழுதியது, எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் வாரம்

மீதி இருந்தவற்றை அக்கா மகளிடம் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கிறாள். 2005க்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளைத் தொட்டதில்லை. படித்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இந்தப் பொண்ணு டாக்டர்கிட்ட கேள்வி கேக்குறதைத் தவிர வேற என்ன வேலை பாக்குது?"

பதில் இல்லை. எண்ணிப் பார்த்தேன். என் கதாநாயகி பேசிய வரிகளில் பாதிக்கு மேல் 'அது என்ன?', 'இப்போது என்ன செய்வது?' வகைதான்.

1963 நவம்பர் 23 அன்று வந்த முதல் எபிசோடை மறுபடி பார்த்தேன். வாரிஸ் ஹுசேன் இயக்கியது, தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். டாக்டரோடு போகும் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். பார்பரா வரலாறு, இயன் அறிவியல். பிள்ளைகளுக்குப் பாடமும் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கில் வைத்தார்கள். ஆனால் அதில் எழுதுபவனுக்கு ஒரு நன்மை உண்டு. அந்த இருவருக்கும் டாக்டருக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரியும். கேட்பதற்கு மட்டும் அவர்கள் வரவில்லை.

ஆக, என் கதாநாயகிக்கு ஒரு தொழில் வேண்டும். விமானி, விஞ்ஞானி, பத்திரிகையாளர் என்று வழக்கமானவற்றை எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் அவள், பெயர் நோரா, கார்டிஃபில் ஒரு மருத்துவமனையில் சம்பளப் பட்டியல் போடுபவள் ஆனாள். விடுப்பு, மிகுதி நேரம், பிடித்தம் இதெல்லாம்தான் அவள் உலகம். எத்தனை நாள் வேலை, எத்தனை நாளுக்குக் காசு என்பதில் ஒருநாள் பிசகினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. 'இது விண்வெளிக்குப் போகிற வேலையா மாமா?' என்று அக்கா மகள் சிரித்தாள். நாட்களை எண்ணுகிறவளுக்கு ஏற்ற கதை எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்கும் தெரியாது.

ஐந்தாம் வாரம்

கிடைத்துவிட்டது. நான்காம் வாரத்தில் எழுதியது ஒன்றும் சொல்லும்படி இல்லை.

1752இல் பிரிட்டனில் செப்டம்பர் 2, புதன்கிழமை. மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது 11 தேதிகளை விட்டுவிட்டார்கள். நான் போட்ட கதை: டாக்டரின் கால வாகனமான டார்டிஸை 1752 செப்டம்பர் 5, லண்டன் என்று திருப்புகிறார்கள். அப்படி ஒரு நாளே அங்கே இல்லை. அப்படியானால் எங்கே இறங்குவார்கள்? இல்லாத அந்த 11 நாட்களுக்குள் ஏதோ ஒன்று குடியிருக்கிறது.

இரண்டு நாள் தரையில் கால் படாமல் திரிந்தேன். முதல் காட்சியாகத் தெருக் கலவரம், 'எங்கள் 11 நாட்களைத் திருப்பிக் கொடு' என்று கத்தும் கூட்டம், எரியும் பந்தங்கள், ஆறு பக்கம். அப்புறம்தான் சரிபார்க்க உட்கார்ந்தேன். அப்படி ஒரு கலவரம் நடந்ததற்கு நம்பகமான சான்று இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். 1755 வாக்கில் வில்லியம் ஹோகார்த் தீட்டிய ஒரு தேர்தல் விருந்து ஓவியத்தில், தரையில் கிடக்கும் ஒரு பதாகையில் அந்த முழக்கம் இருக்கிறது. கிண்டலாக வரைந்ததைப் பின்னால் வந்தவர்கள் நடந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆறு பக்கமும் போயிற்று.

இரண்டாவது அடி அக்கா மகளிடமிருந்து. "சூரியன் ஒண்ணும் தாவலையே மாமா. பேப்பர்லதானே தாவுது? நம்ம கணக்குல செப்டம்பர் 5ன்னா அவங்களுக்கு ஆகஸ்ட் 25. டார்டிஸ் பாட்டுக்கு அங்க போய் இறங்கிடும்."

அவள் சொன்னது சரி. புது நாட்காட்டிக்கு முன்பே மாறியிருந்த பாரிஸில் அன்று செப்டம்பர் 5தான். லண்டனில் அதே நாளுக்கு ஆகஸ்ட் 25 என்று பெயர், அவ்வளவே. காணாமல் போனது நாள் இல்லை, பெயர். என் கதையின் அச்சாணியே கழன்றுவிட்டது. நான்கு நாள் கோப்பைத் திறக்கவில்லை.

ஏழாம் வாரம்

பேப்பரில்தானே தாவியது? அப்படியென்றால் பேப்பரை மட்டும் நம்புகிற ஒரு வேற்றுக்கிரகக் கூட்டம் வந்தால்?

இப்படித்தான் வசூல்காரர்கள் பிறந்தார்கள். கோட்டு போட்ட, மிகவும் மரியாதையான ஜந்துக்கள். பிரபஞ்சத்தில் யாராவது ஒன்றை வேண்டாம் என்று சட்டப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் அதை எடுத்துக்கொள்வது அவர்கள் தொழில். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1751இல் ஒரு சட்டம் போட்டு, 2க்கு அடுத்த நாள் 14 என்று எழுதிவிட்டது. அப்படியானால் அந்த நாட்டில் தலைக்கு 11 நாட்கள் உரிமையாளர் இல்லாமல் கிடக்கின்றன. செப்டம்பர் 2 இரவு வந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் காட்சியை மறுபடி எழுதினேன். கலவரம் இல்லை, கூட்டம் இல்லை, ஒரே ஒரு அறை. கவிழக்கூடத் தெரியாத குழந்தையைத் தாய் தூங்க வைக்கிறாள். காலையில் குழந்தை கவிழ்ந்து, தலை தூக்கிச் சிரிக்கிறது. மேசையில் ரொட்டி பூசணம் பூத்திருக்கிறது. அடுத்த அறையில், இன்னும் ஒரு வாரம் தாங்குவார் என்று மருத்துவர் சொன்ன தாத்தா எழுந்திருக்கவில்லை. வசனம் மொத்தம் நான்கு வரி. பந்தமும் புகையுமாக எழுதிய ஆறு பக்கத்தில் இல்லாத பயம் இந்த ஒன்றரைப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரே வண்டிக்குள் பயணிகளை அடைத்து எடுத்த 2008ஆம் ஆண்டின் 'மிட்நைட்' எபிசோடு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பது இதை எழுதியபோதுதான் பிடிபட்டது.

இங்கிருந்து உண்மை மனிதர்கள் தாமாகவே வரிசையில் வந்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு, தனக்கு வானியலில் ஒன்றும் தெரியாது, பேச்சு அழகாலேயே சபையைச் சம்மதிக்க வைத்தேன் என்ற பொருள்பட மகனுக்குக் கடிதம் எழுதியவர். அவரும் வசூல்காரர்களின் தலைவரும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே போகும் காட்சி எழுதும்போது எனக்கே சிரிப்பு. கிரீனிச்சில் அரசு வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி இருக்கிறார். நட்சத்திரங்களின் இடம் ஆண்டு முழுக்க இம்மியளவு நகர்வதைப் பார்த்து, பூமி ஓடுவதால் ஒளி சாய்ந்து வருவதுபோல் தெரிகிறது என்று கண்டுபிடித்தவர். நேராகப் பெய்யும் மழை, நாம் ஓடினால் முகத்தில் அடிக்கிறதே, அதே கணக்கு. தேம்ஸ் நதியில் படகு திரும்பும்போதெல்லாம் பாய்மரத்துக் காற்றுக்காட்டியும் திரும்பியதைப் பார்த்துத்தான் அவருக்கு அது உறைத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். டாக்டரும் அவரும் கூரையில் நின்று பேசும் காட்சி நான்கு பக்கம் ஓடுகிறது. கதைக்கு அது தேவையே இல்லை.

ஒன்பதாம் வாரம்

முடிவு. ஸ்க்ரூடிரைவர் இல்லை. டாக்டர் கத்திப் பேசும் உரையும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். நோரா என்ன செய்வாள் என்று யோசித்தேன். அவளுக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: அந்த 11 நாள் கூலியை யார் கொடுப்பது?

அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். நாட்காட்டி மாறுவதால் வாடகையோ கடனோ கெடுவுக்கு முன்னதாக வசூலிக்கப்படக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. 21 வயது நிறைவதும் அப்படித்தான், பழைய கணக்குப்படி எத்தனை இயற்கையான நாட்கள் கழிய வேண்டுமோ அத்தனையும் கழிய வேண்டும். படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஒரே இரவில் எவருக்கும் 11 நாள் வயது கூடவில்லை என்று சட்டமே சொல்கிறது. எதையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நோரா அந்தப் பிரிவை வரிவரியாக வாசிக்கிறாள், டாக்டர் ஓரமாக வாயைத் திறக்காமல் நிற்கிறார். சம்பளப் பட்டியல்காரி வசூல்காரர்களுக்குப் பாக்கிக் கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்குகிறாள். நான் யோசித்து வைத்த முடிவாக இது எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே 270 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது.

பதினோராம் வாரம்

ஸ்டாப்வாட்ச் வைத்து வாசித்தேன். 58 நிமிடம். நடுவில் தொய்வு.

இங்கே பழைய முறை கைகொடுத்தது. 1989 வரை பெரும்பாலும் 25 நிமிடப் பகுதிகள்தான், ஒவ்வொன்றின் முடிவிலும் மூச்சைப் பிடிக்க வைக்கும் கொக்கி. என் திரைக்கதையை இரண்டு 25 நிமிடப் பகுதிகளாக வெட்டினேன். வெட்டிய உடனே நடுவில் கொக்கியே இல்லை என்பது தெரிந்தது. தேடியபோது அதே சட்டம் இன்னொன்றைக் கொடுத்தது. இங்கிலாந்தில் அதுவரை புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியது. அதை ஜனவரி 1க்கு மாற்றியதால் 1751ஆம் ஆண்டு டிசம்பர் 31உடன் முடிந்துபோயிற்று, மொத்தம் 282 நாட்கள். பாதிக் கதையில் வசூல்காரர் மெதுவாக அடுத்த கோப்பைத் திறக்கிறார், அட்டையில் 1751. அங்கே வெட்டு. பிறகு தையல் தெரியாமல் இரண்டையும் ஒட்டிவிட்டேன்.

இன்னொரு சோதனையும் செய்தேன். 1960களின் எபிசோடுகள் பலவற்றின் ஒளிப்பதிவுகளை பிபிசி அழித்துவிட்டது. 90க்கும் மேற்பட்டவற்றுக்குப் படம் இல்லை, ஆனால் அன்றைய ரசிகர்கள் வீட்டில் ஒலிநாடாவில் பிடித்து வைத்ததால் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. அவற்றில் சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். யார் பேசுகிறார் என்று முகம் இல்லாமலே தெரிந்துவிடும். என் வாசிப்பைக் கைபேசியில் பதிந்து, கண்ணை மூடிக் கேட்டேன். டாக்டர், நோரா, வசூல்காரர் மூவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். செஸ்டர்ஃபீல்டும் பிராட்லியும் ஒரே ஆள். பிராட்லிக்கு வாக்கியங்களைக் குறைத்தேன். இப்போது பாதி கேள்விகளுக்கு எண்ணை மட்டும் பதிலாகச் சொல்கிறார்.

இன்றைய நிலவரம்: 49 நிமிடம் 20 வினாடி. மற்ற ஏழு சுருக்கங்களில் நான்குதான் உயிரோடு இருக்கின்றன, அவற்றிலும் நோரா என்ன செய்வாள் என்பது இரண்டில் காலியாக இருக்கிறது. எங்கே குறைப்பது என்று அக்கா மகளிடம் கேட்டேன். "கூரைல நின்னு மழை பத்திப் பேசுறாங்களே, அதை எடுத்துட்டா சரியா 45 வந்துடும் மாமா" என்றாள். அவள் கணக்கு சரிதான். நான் வேறு இடங்களில் வினாடி வினாடியாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.