கிடைத்த நாள்

மேல்முறையீட்டுப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது எங்கள் மேசையில் ஒரே விவாதம் ஓயாமல் ஓடும். "விதி எல்லாருக்கும் ஒன்றுதான். இன்றைக்கு இரக்கப்பட்டு ஒருவருக்கு வளைத்தால், நாளைக்குச் செல்வாக்கு உள்ளவருக்கும் வளைக்க வேண்டி வரும்" என்பார் கண்காணிப்பாளர். பக்கத்து இருக்கை நண்பர் விடமாட்டார். "அந்த விதியே அநியாயமாக இருந்தால் என்ன சார் செய்வது?"

சட்ட அறிஞர்களிடமும் இதே இரண்டு கட்சிகள் உண்டு. சட்டம் தெளிவாக, முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாக, நிலையாக இருக்க வேண்டும். அது நல்ல சட்டமா என்பது தனிக் கேள்வி என்று 1977இல் எழுதினார் ஜோசப் ராஸ். அடிப்படை மனித உரிமைகளைக் காக்காத இடத்தில் சட்டத்தின் ஆட்சி இல்லை என்றார் இங்கிலாந்து நீதிபதி டாம் பிங்காம். நண்பர் எப்போதும் 1976ஆம் ஆண்டு ஜபல்பூர் வழக்கை எடுப்பார். நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர், அந்தக் காவல் செல்லுமா என்று நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது என்றார்கள் 5 நீதிபதிகளில் 4 பேர். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆனது. நானும் நண்பர் கட்சிதான்.

அப்போதுதான் ஓர் அம்மாவின் கோப்பு வந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. ஆணைத் தேதியிலிருந்து 41ஆம் நாள் மனு போட்டிருந்தார். 'காலம் கடந்தது, தள்ளுபடி செய்யலாம்' என்று குறிப்பு எழுதிவிட்டேன். கோப்பைக் கட்டும்போது உள்ளேயிருந்து தபால் ஒப்புகை அட்டை நழுவி விழுந்தது. நடுங்கிய கையெழுத்து, அதன் கீழே தேதி. ஆணை அவர் கைக்குப் போகவே 16 நாள் ஆகியிருக்கிறது. சரி, விதி என்ன சொல்கிறது என்று புத்தகத்தைப் புரட்டினேன். 'ஆணை கிடைத்த நாளிலிருந்து' என்றுதான் இருந்தது. நாங்கள் வருடக்கணக்காக ஆணைத் தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தோம்.

அறிவித்த விதியும் அதிகாரி செய்வதும் ஒத்துப்போக வேண்டும் என்பது, சட்டம் சட்டமாக இருப்பதற்கு அமெரிக்கச் சட்ட அறிஞர் லான் ஃபுல்லர் 1964இல் வகுத்த 8 நிபந்தனைகளில் கடைசி. விதி நியாயமானதா என்று அத்தனை நாள் சண்டை போட்டோம். அதில் எழுதியிருந்ததைக்கூட நாங்கள் செய்யவில்லை. அந்த அம்மாவுக்கு யாருடைய இரக்கமும் தேவைப்படவில்லை.

அட்டையையும் புத்தகத்தையும் கண்காணிப்பாளர் முன் வைத்தேன். இரண்டு முறை படித்தார். என் குறிப்பை அவரே அடித்துவிட்டு, "பழைய தள்ளுபடிக் கோப்புகளை எல்லாம் எடுங்கள்" என்றார். மூவரும் இரவு வரை உட்கார்ந்து பிரித்தோம். பல கோப்புகளில் ஒப்புகை அட்டையே இல்லை.