மதுரை-5 எந்தக் கட்டத்தில் போகும்?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் மதுரைப் பக்கத்து வீடுகளுக்கு முகவரி ஏற்றுகிறவர்களிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாவட்டம், வட்டம், வார்டு எல்லாவற்றையும் ஒவ்வொரு வீட்டின் மேலும் டேக்காக, அதாவது விவரக் கட்டமாக, போட்டு நிரப்பாதீர்கள். எல்லைக்கோடு வரைந்திருந்தால் அந்த வீடு எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று கோடே சொல்லிவிடும். கோடு சொல்ல முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன, நாம் கையால் எழுத வேண்டியது அவற்றைத்தான்.

திருப்பரங்குன்றத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் ஒரு வட்டம் இருக்கிறது, ஒரு ஊராட்சி ஒன்றியம் இருக்கிறது, ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. முன்னால் நகராட்சியாகவும் இருந்து, 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. இவை எல்லாம் வேறு வேறு எல்லைகள். ஒன்றியத்துக்குள் இருக்கிற ஒரு ஊராட்சிக்காரர் மாநகராட்சிக்கு வரி கட்டமாட்டார், கோயில் வாசலில் கடை வைத்திருப்பவர் ஒன்றியத்தில் வரமாட்டார். ஆனால் கோயிலைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் விலாசம் எழுதும்போது இது எதையும் நினைப்பதில்லை, 'திருப்பரங்குன்றம், மதுரை-5' என்று முடித்துவிடுவார்கள். அதில் திருப்பரங்குன்றம் என்பது நகரத்தின் ஒரு பகுதி, மதுரை என்பது நகரம், அந்த 5 என்பது 625005 என்ற பின்கோடின் வால். சிட்டி என்ற கட்டத்தில் மதுரை, சபர்ப் என்ற கட்டத்தில் திருப்பரங்குன்றம், போஸ்ட்கோடில் 625005. அவ்வளவு போதும்.

பின்கோடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாவட்ட எல்லையை வைத்து ஸ்கிரிப்ட் எழுதி மொத்தமாக நிரப்புகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அப்போது தேனி மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது, 1996ஆம் வருட அரசாணையில்தான் அது தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தது, பின்கோடு பிரியவில்லை. இன்றைக்கும் தேனி 625531, போடி 625513, பெரியகுளம் 625601. முதல் மூன்று எண் தபால் பிரிக்கும் வட்டாரத்தைச் சொல்கிறது, கடைசி மூன்று தபால் நிலையத்தைச் சொல்கிறது, கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே 625 என்று கண்டதும் மதுரை மாவட்டம் என்று எழுதுவதும், மதுரை மாவட்டக் கோட்டை வைத்து 625இன் எல்லையை ஊகிப்பதும் இரண்டுமே தப்பு.

கிராமத்தில் நிலைமை இன்னும் சிக்கல். கொட்டாம்பட்டி என்று ஒன்றியம் உண்டு, ஆனால் வட்டம் மேலூர். அலங்காநல்லூர் ஒன்றியம், ஆனால் வட்டம் வாடிப்பட்டி. ஒரே வீட்டில் பட்டாவை எடுத்துப் பார்த்தால் வட்டமும் வருவாய் கிராமமும் இருக்கும், வீட்டு வரி ரசீதில் ஊராட்சியும் ஒன்றியமும் இருக்கும், வந்த கடிதத்தில் 'அஞ்சல்' என்று பக்கத்து ஊர்ப் பெயர் இருக்கும். வருவாய்த்துறையின் ஏணி வேறு, ஊரக வளர்ச்சித்துறையின் ஏணி வேறு. மேப்பில் நிர்வாக எல்லைகளின் படி எண்ணான அட்மின் லெவல் 4 மாநிலம், 5 மாவட்டம், 6 வட்டம் என்று வருவாய் ஏணியில் இறங்குகிறது. அந்தப் படிகளுக்கு நடுவில் ஒன்றியத்தைச் செருகப் பார்த்தால் எங்கேயாவது இடிக்கத்தான் செய்யும்.

சரி, கிராமத்துக்காரர்கள் விலாசத்திலேயே 'மேலூர் வட்டம்' என்று எழுதுகிறார்களே, அதை என்ன செய்வது? ஒரே பெயரில் நாலு பட்டி இருப்பதால் எழுதுகிறார்கள், நியாயம்தான். ஆனால் வட்டத்தின் எல்லை சரியாக இருந்தால் தேடும் மென்பொருள் தானாகவே அதைச் சேர்த்துக்கொள்ளும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இடம் தேடித் தரும் நாமினேட்டிம் என்ற மென்பொருள் அப்படித்தான் செய்கிறது, ஒரு புள்ளி எந்தெந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்துத்தான் முகவரியைக் கட்டுகிறது. எல்லை இல்லாமல் வெறும் புள்ளியாக வைத்த ஊர்ப் பெயர் என்றால் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், அதனால் திருநகர் ஓரத்து வீடு பக்கத்து ஹார்விபட்டியில் போய் நிற்க வாய்ப்புண்டு. அந்த மாதிரி இடத்தில் வீட்டின் மேலேயே பகுதியின் பெயரை எழுதுவது அவசியம். அஞ்சல் பெயரும் அப்படியே, எந்த எல்லைக்கோடும் அதைச் சொல்லாது, எழுதினால்தான் உண்டு. தெருப் பெயரே இல்லாத சின்ன ஊர் என்றால் ஸ்ட்ரீட் கட்டத்தில் எதையாவது திணிக்காமல் பிளேஸ் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போடுங்கள்.

ஆப் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமினேட்டிமின் பதிலில் நம் வட்டம் கவுண்டி என்ற பெயரில் வரும். அதை அப்படியே டெலிவரி ஸ்லிப்பில் அச்சடித்தால் ஒத்தக்கடை வீட்டுக்கு 'மதுரை கிழக்கு' என்று விழும், பார்சல் கொண்டுவரும் தம்பி ஊருக்குள் கிழக்குப் பக்கம் தேடுவார். அந்த வரியே வேண்டாம், ஒத்தக்கடை, 625107 போதும்.

வார்டு எண்ணை மட்டும் தயவுசெய்து வீட்டின் மேல் எழுதவே எழுதாதீர்கள். மாநகராட்சியின் 2011 விரிவாக்கத்தில் 72 வார்டு 100 ஆனது. வார்டை எல்லையாக வரைந்திருந்தால் நூறு ரிலேஷனை, அதாவது மேப்பில் எல்லையாகச் சேர்த்து வைத்த கோடுகளை, திருத்தினால் வேலை முடிந்தது. வீடு வீடாக எழுதியிருந்தால் மாநகராட்சி முழுக்க ஒவ்வொரு கட்டடத்தையும் திறந்து மாற்ற வேண்டும், யாரும் மாற்றமாட்டார்கள், பழைய எண் அப்படியே கிடக்கும்.

அந்த உழைப்பைக் கதவு எண்ணில் போடலாம். திருநகரில் மூணாவது ஸ்டாப், நாலாவது ஸ்டாப் என்று பஸ் நிறுத்தத்தை வைத்துத்தான் வழி சொல்வார்கள், வீட்டு நிலைக்கு மேலே பழைய எண் பெயின்ட் உரிந்து கிடக்கும், பக்கத்தில் புதிய எண் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், புதியதைக் கதவு எண் கட்டத்தில் போடுங்கள். தெருப் பெயரும் பின்கோடும் கடைப் பலகையிலேயே கிடைக்கும், 'மதுரை-6' என்று எழுதியிருப்பார்கள். கூகுள் மேப்பைப் பார்த்து எழுத மட்டும் கூடாது, கூகுளின் உரிமம் இடம் கொடுக்காது. நடந்து போய்ப் பலகையைப் பார்த்து எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.