பின்கதவுச் சாவி

எங்கள் மீன் கம்பனிக்கு ஓடிட், அதாவது தரப் பரிசோதனைக்கு, வருகிறவர்கள் முதலில் கேட்பது சூரையின் உள்வெப்பம். கேட்க வேண்டியதுதான். பிடித்த சூரைக்கு ஐஸ் போடச் சுணங்கினால், தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பக்டீரியா ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். பிறகு பொரித்தாலும் போகாது, ரின்னில் அடைத்து அவித்தாலும் போகாது. மீன் நாறவேண்டும் என்றும் இல்லை. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலையிடிக்கும், உடம்பு தடிக்கும். அலர்ஜி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் சூரையில் 9 மாதிரி எடுத்துப் பார்த்தால் ஹிஸ்டமின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; ஒன்றுகூட 200க்கு மேல் போகக்கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் மீன் கொஞ்ச நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தரக்கட்டுப்பாட்டில் இருப்பவளின் பிழைப்பு அது.

என் வாக்குவாதம் வேறு. தலைமுடி வலை, கால் நனைக்கும் தொட்டி என்று எல்லாம் பார்க்கிற அதே ஓடிட்காரர், வெட்டும் அறையின் பின்கதவைத் தள்ளிப் பார்ப்பதில்லை. அது பூட்டியே இருக்கும். சாவி ஸ்டோர் அண்ணையின் இடுப்பில். கேட்டால் இரண்டு காரணம்: இலையான் உள்ளே வரும், மீன் வெளியே போகும். இரண்டும் பொய்யில்லை.

அமெரிக்காவின் வட கரோலினாவில், ஹம்லெட் என்ற சின்ன ஊரில் ஒரு கோழி பதனிடும் ஆலை இருந்தது. 1991 செப்டம்பர் 3, பொரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஹைட்ரோலிக் எண்ணெய் பீறிட்டுத் தீப்பற்றியது. 25 பேர் செத்தார்கள். வெளியே போகும் கதவுகளில் சில பூட்டியிருந்தன. கோழி களவு போகுமாம். அந்த ஆலை ஓடிய 11 வருடத்தில் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்க ஒரு பரிசோதகரும் வரவில்லை. இறைச்சியைப் பார்க்க மட்டும் அரசாங்க ஆள் நாள்தோறும் வந்துபோனார். மனேஜருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

எங்களிடம் பொரிக்கிற வேலை இல்லை. அமோனியா இருக்கிறது. பெரிய குளிரறைகளும் ஐஸ் ஆலைகளும் பலது அதில்தான் ஓடுகின்றன. காற்றைவிட இலேசு, மேலே போய்விடும் என்பான் மெக்கானிக் தம்பி. காய்ந்த வாயு என்றால் சரி. குழாய் வெடித்துத் திரவமாகப் பீறிட்டால், ஈரக் காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பனிமூட்டமாக நிலத்தோடு படரும். திருகோணமலைக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? கண், தொண்டை, வியர்த்த தோல் என்று ஈரமுள்ள இடமெல்லாம் எரிக்கும். 2018இல் ஹொரணையில் ஒரு ரப்பர் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டிக்குள் விழுந்தவரும் காப்பாற்றப் போனவர்களுமாக ஐந்து பேர் இறந்தார்கள்.

அமோனியா மணத்தவுடன் ஓடு என்று சொல்வது சுகம். மீன் நெய்யும் தண்ணீரும் கலந்து வழுக்கும் தரையில், கையில் கத்தியோடு நிற்கிற அக்காமார் எந்தப் பக்கம் ஓடுவது? முன்வாசலுக்கு கொம்பிரசர் அறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

கதவை ஆவென்று திறந்துவைக்கச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கம்பி, திறந்தால் அலறும் மணி, வெளியே ஒரு வலைக்கதவு. இலையானுக்கும் களவுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. "ஓடிட்டில் கேட்கேல்லையே பிள்ளை" என்றார் மனேஜர். சரி, அடுத்த ஓடிட்டில் வந்தவரை நானே பின்கதவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "தள்ளிப் பாருங்கோ சேர்" என்றேன். தள்ளினார். எழுதிக்கொண்டார். அந்த மாதமே தள்ளினால் திறக்கிற கம்பி பொருத்தியாயிற்று. ஸ்டோர் அண்ணைதான் கொஞ்சக் காலம் என்னோடு கதைக்கவில்லை.

இனி முகமூடி. கொம்பிரசர் அறை வாசலில் தொங்குவதன் வடிகட்டிக்குத் திகதி முடிந்துவிட்டது. மீன் பெட்டியில் திகதி பிழைத்தால் கொண்டெய்னரே திரும்பி வரும். இதை ஏன் ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.