ஜெனீவாவில் ஒரு சனிக்கிழமை

9 நவம்பர் 2025, ஞாயிறு

வரும் புதன்கிழமையோடு 20 ஆண்டுகள் முடிகின்றன. 2005 நவம்பர் 12, சனிக்கிழமை. ஜெனீவாவில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடிய நட்பு ஆட்டம். அதன் முழுப் பதிவும் என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் அதை மறுபடி பார்த்துவிட்டு, மனதில் படுவதை நாள்தோறும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது எழுதிவைக்கப் போகிறேன்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு இரு நாடுகளின் ஆண்கள் அணிகளும் ஒருமுறைகூட மோதவில்லை. இவ்வளவு பகையையும் இவ்வளவு அழகையும் சேர்த்துவைத்திருந்த ஒரு தொடர்கதை 20 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

இந்தப் பகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உலகக் கோப்பையை மட்டுமே பேசுகிறார்கள். 1966இல் லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் அர்ஜென்டினா கேப்டன் ராட்டின் வெளியேற்றப்பட்டது, 1986இல் அர்ஜென்டினாவின் மரடோனா கையால் அடித்த கோல், 1998இல் இங்கிலாந்தின் பெக்காமுக்குக் கிடைத்த சிவப்பு அட்டை, 2002இல் சப்போரோவில் அதே பெக்காம் அடித்த பெனால்டி. நடுவே, ஃபாக்லாந்து தீவுகளுக்காக இரு நாடுகளும் மோதிய 1982 போர். நட்பு ஆட்டங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இவ்விரு அணிகளின் கால்பந்து எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட எண்ணம்.

அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் 1986இலிருந்து அர்ஜென்டினா பக்கம். "அந்த ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் மாட்டேன்" என்றார். முடிவைக் கேட்ட அன்றே எடுத்த முடிவாம்.

12 நவம்பர் 2025, புதன்

பார்த்துவிட்டேன். இடையில் எழுந்திருக்கவில்லை.

இங்கிலாந்து அடிபட்டுத்தான் அங்கே வந்திருந்தது. அந்த ஆகஸ்டில் டென்மார்க்கிடம் 4-1, செப்டம்பரில் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்திடம் 1-0 என்று தோற்றிருந்தார்கள். பயிற்சியாளர் எரிக்சன்மீது எல்லோருக்கும் எரிச்சல். எதிரே பயிற்சியாளர் பெக்கர்மேனின் அர்ஜென்டினா. அதே ஜூனில் பிரேசிலை 3-1 என்று புவனோஸ் ஐரிஸில் வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அணி.

முதல் அரை மணி நேரம் பார்க்கும்போதே புரிந்துவிடுகிறது: மைதானத்தில் அர்ஜென்டினாவின் நடுக்கள வீரர் ரிக்கெல்மே வைத்ததுதான் சட்டம். அவர் ஓடுவதே இல்லை என்று தோன்றும். பந்து வந்ததும் உள்ளங்காலால் அதை அமுக்கி நிறுத்துவார், உடம்பை எதிராளிக்கும் பந்துக்கும் நடுவில் சுவர் மாதிரி வைப்பார், தலை நிமிரும். அந்த நிமிர்வில் எங்கோ ஒரு அர்ஜென்டினா வீரர் ஓடத் தொடங்கியிருப்பார். ரிக்கெல்மேயைக் கட்டிப்போடத்தான் தடுப்பாட்டக்காரரான லெட்லி கிங்கை நடுக்களத்தில் இறக்கியிருந்தார் எரிக்சன். கிங் நல்ல வீரர், உழைக்கவும் செய்தார். ஆனால் நின்றுகொண்டே ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஒருவரை விரட்டிப் பிடிப்பது எப்படி?

34ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் கிரெஸ்போ கோல் அடித்தார். ஐந்து நிமிடத்தில் இங்கிலாந்தின் ரூனி சமன் செய்தார். ரூனிக்கு அப்போது 20 வயது நிறைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெக்காம் தலையால் தட்டிவிட்ட பந்தை எடுத்துக்கொண்ட விதத்தில் தயக்கம் என்பதே இல்லை. இடைவேளைக்குப் பிறகு, 53ஆவது நிமிடத்தில், ரிக்கெல்மேயின் ஃப்ரீ கிக்கை வால்டர் சாமுவேல் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 2-1.

அதன் பிறகு அர்ஜென்டினா மூன்றாவதையும் போட்டிருக்கலாம். போட்டிருக்கவும் வேண்டும். புள்ளிப் பட்டியல் கிடையாது, கோப்பை கிடையாது. அதனாலேயே இரண்டு பக்கமும் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு ஆடினார்கள். உலகக் கோப்பையில் 2-1 என்று முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கொண்டுபோய் மூலையில் ஒளித்துவைக்கும். இங்கே அப்படி யாரும் ஒளித்துவைக்கவில்லை.

கடைசி நிமிடங்களை நாளைக்கு எழுதுகிறேன். அவற்றை இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

13 நவம்பர் 2025, வியாழன்

87ஆவது நிமிடம். இங்கிலாந்தின் ஜெரார்டின் கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னே தூக்கியடித்த பந்து. மைக்கேல் ஓவன் தலையால் முட்டுகிறார், 2-2. காயத்துக்காகக் கூட்டிய நேரத்தில் ஜோ கோல் என்ற வீரரின் கிராஸ், மறுபடி ஓவன், மறுபடி தலை. 3-2.

இதில் கவனிக்க வேண்டியவர் ஓவனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஆறரை அடி உயரமான பீட்டர் கிரவுச்சை இறுதிக் கட்டத்தில் இறக்கியிருந்தார்கள். கிராஸ் வரும் நேரத்தில் பதிவை நிறுத்திப் பார்த்தால், அர்ஜென்டினா தடுப்பாட்டக்காரர்களின் கவலையெல்லாம் அந்த உயரத்தின்மேல் இருப்பது தெரிகிறது. அவர்களைவிடக் குள்ளமான ஓவன் அந்தக் கவலைக்குள் புகுந்துவிடுகிறார். பெரிதாகத் துள்ளவில்லை. மற்றவர்கள் பந்து எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது எங்கே வரும் என்று பார்த்து முன்பே போய் நின்றுவிட்டார். அந்த ஒரு அடி முன்கூட்டிய நகர்வுதான் ஓவனின் மொத்தத் திறமையும். 1998இல் 18 வயதில் செயின்ட் எட்டியனில் அர்ஜென்டினாவைப் பிளந்துகொண்டு ஓடியவர், 2002இல் அர்ஜென்டினா தடுப்பாட்டக்காரர் பொச்செட்டினோவின் காலில் தட்டி விழுந்து பெனால்டி பெற்றுத்தந்தவர், இங்கேயும் அவரே.

அடுத்த கோடையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2006 ஜூன் 30 அன்று காலிறுதியில் ஜெர்மனியிடம் அர்ஜென்டினா பெனால்டியில் வெளியேறியது. மறுநாள் அதே காலிறுதியில், அதே பெனால்டியில், போர்ச்சுகலிடம் இங்கிலாந்து. இவ்விரு அணிகளும் அந்த ஓராண்டில் ஆடிய மிகச் சிறந்த கால்பந்து, எதுவும் பந்தயத்தில் இல்லாத அந்த ஜெனீவா மாலையில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

16 நவம்பர் 2025, ஞாயிறு

பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். இவர்களுடைய முதல் சந்திப்பே நட்பு ஆட்டம்தான். 1951 மே 9, வெம்ப்லி. போயே அடித்த கோலில் அர்ஜென்டினா முந்திக்கொண்டது. அதன் பிறகு கோல்கீப்பர் மிகேல் ருகிலோ ஒருவரே இங்கிலாந்தைத் தடுத்து நிறுத்தினார். கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இங்கிலாந்தின் மார்ட்டன்சன் ஒரு கோல், பிறகு மில்பர்ன் ஒன்று. 2-1.

முதல் சந்திப்பிலும் இதுவரையிலான கடைசிச் சந்திப்பிலும் ஒரே கதை: அர்ஜென்டினா முன்னிலை, முடிகிற நேரத்தில் இங்கிலாந்துக்கு இரண்டு கோல். 54 ஆண்டு இடைவெளியில் இரண்டு ஓரங்களும் இப்படிப் பொருந்தியதைப் பார்த்து இன்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தோற்று ஊர் திரும்பிய ருகிலோவுக்குப் பெயர் 'வெம்ப்லியின் சிங்கம்'. சாகும்வரை அந்தப் பெயர் அவரோடு இருந்தது.

19 நவம்பர் 2025, புதன்

1953 மே 14, புவனோஸ் ஐரிஸ். அர்ஜென்டினா 3-1. எர்னஸ்டோ கிரில்லோ எல்லைக்கோட்டை ஒட்டி, கோலின் வாயே கண்ணுக்குத் தெரியாத கோணத்திலிருந்து ஒரு பந்தை உள்ளே அடித்தார். இங்கிலாந்து இதை முழு சர்வதேச ஆட்டமாகக் கணக்கில் கொள்ளவில்லை. அர்ஜென்டினாவிலோ மே 14 கால்பந்து வீரர் தினம் ஆகிவிட்டது. ஒரு தரப்பின் ஏட்டில் இடமே இல்லாத ஆட்டம் இன்னொரு தரப்பின் நாட்காட்டியில் திருநாள். மூன்று நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தை மழை பாதியிலேயே கலைத்துவிட்டது.

எல்லாம் இனிமையாகவே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1977இல் புவனோஸ் ஐரிஸில் அர்ஜென்டினாவின் பெர்டோனி விட்ட குத்தில் இங்கிலாந்தின் ட்ரெவர் செர்ரிக்கு இரண்டு முன்பற்கள் போயின. நடுவர் குத்தியவரோடு குத்து வாங்கியவரையும் சேர்த்து வெளியே அனுப்பினார். அதுவும் நட்பு ஆட்டம்தான். செர்ரிக்கு நடந்த அநியாயத்தை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

22 நவம்பர் 2025, சனி

1980 மே 13, வெம்ப்லி. இதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன்.

இங்கிலாந்து 3-1. டேவிட் ஜான்சன் இரண்டு, கீகன் ஒன்று. பாஸரெல்லாவின் பெனால்டி அர்ஜென்டினாவுக்கு. உலகச் சாம்பியனான அர்ஜென்டினா தோற்ற அந்த ஆட்டத்தில், என்னை இழுப்பது கோலாகாத ஒரு பந்து. 19 வயது மரடோனா தடுப்பாட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கடந்து பெட்டிக்குள் வருகிறார். கோல்கீப்பர் கிளெமன்ஸ் முன்னால் ஓடிவருகிறார். மரடோனா இடது காலால் பந்தைத் தூரக் கம்பத்தை நோக்கித் தட்டுகிறார். பந்து கம்பத்தை உரசாத குறையாக வெளியே போகிறது.

பிறகு மரடோனாவின் சின்னத் தம்பி அவரைக் கண்டித்தானாம்: தட்டியிருக்கக் கூடாது, கீப்பரையும் சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று. மரடோனாவே இதைப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அப்போது 11 வயது.

25 நவம்பர் 2025, செவ்வாய்

மரடோனா மறைந்து இன்றோடு ஐந்தாண்டு.

இரவு 1980 ஓட்டத்தையும், 1986 ஜூன் 22இல் உலகக் கோப்பையில், மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானத்தில் அவர் ஓடிய ஓட்டத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தின் பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக் எல்லோரும் பின்னால் போய்விட்டார்கள். கோல்கீப்பர் ஷில்டன் முன்னால் வருகிறார். இங்கேதான் ஆறு வருடத்துக்கு முன்பு பந்தைத் தட்டினார். இப்போது தட்டவில்லை. ஷில்டனை ஒதுக்கிவிட்டு இன்னும் ஒரு எட்டு வைக்கிறார், விரட்டிவந்த புட்சர் கால் நீட்டி விழ, பந்து காலியான வலைக்குள் போகிறது.

அண்ணனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். 1986இல் நள்ளிரவில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு இந்தக் கோலைக் காட்டியவர் அவர். சிறிது நேரம் பேசவில்லை.

"ரிக்கெல்மே நன்றாக ஆடினான் என்றாயே, எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் கையில்தான் அண்ணா."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். ஜெனீவா ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்கப் போகிறோம்.