வெள்ளத்தில் மூழ்கிய கேமராக்கள்: எது பிழைத்தது, எப்படிப் பிழைத்தது

2023 டிசம்பர் 17 ராத்திரி தாமிரபரணி கரை மீறியபோது, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் எங்கள் ஸ்டுடியோவில் மேஜை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால் தரை முழுக்க வண்டல். கேமரா அலமாரியின் கீழ்த்தட்டுகள் முங்கி எழுந்திருந்தன. லென்ஸ் மாட்டியபடியே ஒரு மிரர்லெஸ் பாடி (லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை கேமராவின் உடல்), ஒரு பிளாஷ், குற்றாலத்துக்கும் உவரிக் கடலுக்கும் கொண்டுபோகிற, தண்ணீர் புகாத சின்ன கேமராவான ஒலிம்பஸ் டிஜி-6. இவற்றை என்ன செய்தோம், எது திரும்பி வந்தது என்று எழுதி வைக்கிறேன். நம்ம ஊரில் ஆறும் மழையும் இருக்கிறவரை யாருக்காவது உதவும்.

முதல் விஷயம், நனைந்த கேமராவை 'வேலை செய்கிறதா' என்று ஆன் செய்து பார்க்கவே கூடாது. கேமராவைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் மட்டும் இல்லை, தண்ணீரோடு சேருகிற மின்சாரம். ஈரமான சர்க்யூட் போர்டில் கரண்ட் ஓடினால் செம்புத் தடங்கள் அரிக்க ஆரம்பிக்கும். பச்சை பூத்துவிட்டால் மீட்பது கடினம். எங்கள் மிரர்லெஸ்ஸின் பேட்டரி மேல்தட்டில் சார்ஜரில் இருந்தது. பாதி உயிர் அதனால்தான் மிஞ்சியது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் "அரிசிக்குள்ள போட்டு வைங்க" என்றார்கள். வேண்டாம். மூடிய உடம்புக்குள் தேங்கிய ஈரத்தை அரிசி இழுக்காது, அதன் மாவுத்தூள்தான் பொத்தான் இடுக்கில் போய் ஒட்டும். முடி உலர்த்துகிற டிரையரும் கூடாது. அந்தச் சூடு பசையை இளக்கும், காற்றின் வேகம் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: லென்ஸைக் கழற்றி, மவுண்ட் (லென்ஸ் மாட்டுகிற வாய்) தரையைப் பார்க்கும்படி வைத்து, வெளிச் சேற்றை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் ஈரத்தை இழுக்கிற சிலிக்கா ஜெல் நிறைய போட்டு வைத்தோம். ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டை போக முடிந்ததும் முதல் வேலையாக மெக்கானிக் அண்ணாச்சியிடம் ஓடினோம்.

அவர் கேட்ட முதல் கேள்வியே, "பேட்டரி போட்டுப் பாத்தியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் வழி இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடித்தகட்டைத் திறந்ததும் போர்டின் ஓரமெங்கும் தேநீர் நிறத்தில் மெல்லிய படலம், ரிப்பன் கேபிள்களின் முனையில் மணல் துகள். கடிகாரத்துக்கான சின்ன பேட்டரியை முதலில் எடுத்தார். பிறகு போர்டுகளைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு கனெக்டராகக் கழுவினார். ஆல்கஹால் தண்ணீரை இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால்தான் அது. அவசரப்படாமல் உலர விட்டு, அப்புறம்தான் கரண்ட் கொடுத்தார். பாடி பிழைத்தது. பின்பக்கச் சக்கரம் மட்டும் சரசரக்கிறது.

லென்ஸ் போய்விட்டது. வண்டல் உள்கண்ணாடிகளுக்கு இடையில் கோடாக இறங்கி நின்றது. அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் கண்ணாடி மேல் பூசிய பூச்சையே தின்றுவிடும். திறந்து கழுவும் கூலி, லென்ஸ் விலையை நெருங்கியது. பிளாஷை யாரும் வீட்டில் திறக்காதீர்கள். அதன் கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பேட்டரி எடுத்த பிறகும். முங்கிய லித்தியம் பேட்டரிகளையும் மறுபடி சார்ஜ் போடக் கூடாது.

டிஜி-6? குழாயடியில் கழுவி, நன்றாகத் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆன் செய்ததும் எழுந்துவிட்டது. அதை 15 மீட்டர் ஆழத்துக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரே அலமாரியில், ஒரே தண்ணீரில் கிடந்த இரண்டில் இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்கிறவர்கள் ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. உதாரணத்துக்கு, ஓஎம்-1 என்கிற மிரர்லெஸ் கேமரா ஐபி53. அந்த 3 என்பது மேலிருந்தும் சாய்வாகவும் தூவுகிற மழைக்கு. இரண்டாவது இலக்கம் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முழுகலாம், 8 என்றால் அதைவிடக் கடுமையாக, தயாரிப்பாளர் சொல்கிற ஆழத்துக்கு. பெரும்பாலான கேமராப் பெட்டிகளில் 'வெதர் சீல்டு' என்ற சொல் மட்டும் இருக்கும், எண் இருக்காது. எங்கள் மிரர்லெஸ் அந்த வகைதான். சாரலுக்கு அது போதும், ஆறு வீட்டுக்குள் வந்தால் போதாது. அதிலும் லென்ஸ் மவுண்டில் ரப்பர் வளையம் இல்லாத லென்ஸை மாட்டினால் பாடியின் சீலும் வீண். இந்தச் சோதனைகளெல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது என்பதையும் மறக்கக் கூடாது. உவரியில் உப்புக்காற்று அடித்த அன்றைக்கே டிஜி-6-ஐ நல்ல தண்ணீரில் அலசினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

மெமரி கார்டுகளைப் பற்றிப் பலரும் கேட்டார்கள். மிரர்லெஸ்ஸுக்குள் இருந்த கார்டில், மழைக்கு முந்தின நாள் எடுத்த ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. அந்தப் பெண்ணின் தாத்தா சிரிக்கிற படம் அதில் மட்டும்தான். கார்டை நல்ல தண்ணீரில் அலசி, தங்க நிறத் தொடுமுனைகளை ஆல்கஹாலில் துடைத்து, முழுக்க உலர வைத்துத்தான் ரீடரில் போட்டோம். எல்லாப் படமும் வந்தது. கார்டில் நகரும் பாகம் இல்லை, கரண்டும் ஓடவில்லை, அதனால் தாங்கியது.

காப்பீட்டுக்குச் சேறு படிந்த நிலையிலேயே எல்லாப் பொருளையும் சீரியல் எண் தெரியப் படமெடுத்து வைத்தது பயன்பட்டது. கம்பெனி வாரண்டியில் பொதுவாகத் தண்ணீர்ச் சேதம் சேராது. வெள்ளத்தையும் சேர்த்த பாலிசி என்றால் மட்டும் பணம் வரும், எழுதும்போதே அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள். டிஜி-6-ன் ரப்பர் சீல்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நாங்கள் குற்றாலச் சீசனுக்கு முன்பு, மே மாதத்தில் மாற்றிவிடுகிறோம். மூடியை மூடும் முன் வளையத்தில் ஒரு முடியோ மணலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது தினமும் உண்டு.