ஆழித்தேர் பார்க்கப் போகிறவர்கள் சக்கரத்தைப் பாருங்கள்

திருவாரூர் தேரழகு என்று ஊருக்கு ஊர் சொல்லுவார்கள். அந்த அழகைப் பார்க்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அண்ணாந்தே நிற்கிறார்கள். தியாகராஜர் கோயிலின் பெரிய தேரான ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்றால் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் அன்றைய வேலை முழுக்க நடப்பது கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில்.

முதலில் நாள். மரபுப்படி பங்குனி மாதம் ஆயில்ய நட்சத்திரத்தன்று தேரோட்டம். 2023-இல் ஏப்ரல் 1, 2024-இல் மார்ச் 21, 2025-இல் ஏப்ரல் 7 என்று வந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் கோயில் அறிவிப்பு வந்தபிறகு டிக்கெட் போடுங்கள். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம், காரைக்கால் போகும் ரயில் பாதையில்தான் திருவாரூர் சந்திப்பு இருக்கிறது. தேரன்று கோயிலைச் சுற்றி வண்டி விடமாட்டார்கள். காரில் வருகிறவர்கள் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுவது உத்தமம். அறைகள் குறைவு. கிடைக்காவிட்டால் தஞ்சாவூரில் தங்கி விடியற்காலையில் கிளம்பலாம்.

மொத்தம் ஐந்து தேர். விநாயகர், சுப்பிரமணியர் தேர்கள் விடியும் முன்பே புறப்பட்டுவிடும். அவை போன பிறகு காலையில் தியாகராஜர் எழுந்தருளிய ஆழித்தேர். பின்னால் அம்பாள், சண்டிகேசுவரர். எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கீழவீதிக்கு வந்தால் முன்வரிசை கிடைக்காது. ஐந்து மணிக்கே வந்துவிட்டால் இன்னொரு லாபம் உண்டு. சின்னத் தேர்கள் எப்படித் திரும்புகின்றன என்று அருகில் நின்று பார்த்துவிட்டால், பெரிய தேரில் நடப்பது தானாகப் புரியும்.

தேர் இரண்டு பாகம். அடியில் சிற்பங்கள் செதுக்கிய மரப்பகுதி, சுமார் 30 அடி. அதற்கு மேல் தெரிவதெல்லாம் மூங்கிலும் பனஞ்சப்பையும் கயிறும் சீலையும்தான். ஆண்டுதோறும் புதிதாகக் கட்டி, தேர் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். கனம் அடியிலும் லேசானது மேலேயும் இருப்பதால்தான் தொங்கும் துணி அலங்காரமான தொம்பைகள் அசைய அசையத் தேர் ஆடி வந்தாலும் சாய்வதில்லை. முன்னால் பாய்கிற நான்கு மரக்குதிரைகள் ஒவ்வொன்றும் 32 அடி நீளம், 11 அடி உயரம். இப்போதுள்ள தேர் பழைய தேர் அல்ல. அது 1926-இல் தீயில் எரிந்துபோனது. புதிதாகச் செய்த தேர் 1930-இல் ஓடியது. 1948-க்குப் பிறகு நிலையிலேயே, அதாவது தேர் நிறுத்தும் இடத்திலேயே, நின்றுவிட்ட அந்தத் தேரை 1970-இல், கருணாநிதி முதல்வராக இருந்தபோது மறுபடி ஓடவிட்டார்கள். திருச்சி பெல் (BHEL) நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்கு முந்தைய காலத்தில் தேர் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். இப்போது காலையில் கிளம்பி அன்று மாலையிலோ இரவிலோ வந்துவிடுகிறது.

இனி சக்கரம். காரில் இருப்பதுபோல் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு நேராகத்தான் நிற்கும். அப்படியென்றால் தேர் தெருவோரம் ஒதுங்காமல் எப்படி நடுவில் போகிறது? முட்டுக்கட்டை. ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டையோடு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஆட்கள் குனிந்தபடியே நடப்பார்கள். தேர் இடப்பக்கம் ஒதுங்கினால், வலச்சக்கரத்துக்கு முன்னால் கட்டை விழும். அந்தச் சக்கரம் தயங்கும், இடது சக்கரம் முந்தும், தேரின் முகம் வலப்பக்கம் திரும்பும். கட்டையை ஒரு நொடி முன்னால் போட்டால் தேர் நின்றுவிடும். பின்னால் போட்டால் தேர் ஓரத்துக்கே போய்விடும். நசுங்கிய கட்டைகள் வழியெல்லாம் கிடக்கும், அதனால் பை பையாகப் புதுக்கட்டை வந்துகொண்டே இருக்க வேண்டும். பிரேக் வந்த பிறகும் இந்த வேலை குறையவில்லை. தேரை நிறுத்தத்தான் பிரேக், திருப்பக் கட்டைதான்.

வீதி முனையில் முட்டுக்கட்டை போதாது. அங்கே சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, கிரீஸைத் தாராளமாகத் தடவி, தேரை அதன்மேல் ஏற்றுவார்கள். வடத்தை அடுத்த வீதிப் பக்கம் இழுத்துப் போடுவார்கள். பின்னாலிருந்து புல்டோசர் தள்ள, முன்னால் ஜனங்கள் பக்கவாட்டில் இழுக்க, சக்கரம் உருளாமல் வழுக்கித் திரும்பும். ஒரே தள்ளில் திரும்பாது. கொஞ்சம் வழுக்கும், நிற்கும், தகட்டை எடுத்து முன்னால் போடுவார்கள், மறுபடி கிரீஸ். முனையில் வெகுநேரம் தேர் நிற்பதைப் பார்த்து ‘என்னமோ கோளாறு’ என்று கிளம்பிப் போய்விடுகிறவர்கள் உண்டு. பாவம், பார்க்க வேண்டியதை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் ஏதாவது ஒரு வீதி முனையில், திருப்பத்தின் வெளிப்பக்கம் தள்ளி நில்லுங்கள். உள்பக்கம் வேண்டாம். வடம் இறுகும்போது உள்முனையில் நிற்பவர்களைத்தான் சுவரோடு ஒதுக்கும்.

வடம் பிடிக்க ஆசை இருந்தால் பிடியுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். நான்கு வடம், ஒவ்வொன்றும் 400 அடிக்கு மேல். ஒரு கை விரல் பிடியில் அடங்காத பருமன். வடத்தை அக்குளில் இடுக்கி, இரு கையாலும் அணைத்துப் பிடிப்பதுதான் வழக்கம். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தேருக்கு அருகில் குதிரைப் பக்கம் போகாமல் வடத்தின் நுனிப்பக்கம் நில்லுங்கள். தேர் நின்றதும் வடம் தொய்ந்து தரையில் விழும். அடுத்த ‘ஆரூரா! தியாகேசா!’ குரலுக்கு விருட்டென்று எழும்பும். அப்போது வடத்தைத் தாண்டிக்கொண்டிருப்பவர் தலைகுப்புற விழுவார். குனிந்து செருப்பைத் தேடுகிறவருக்கும் அதே கதிதான், அதனால் செருப்பை முன்பே எங்காவது விட்டுவிடுங்கள். பங்குனி வெயிலில் தார்ச்சாலை பத்து மணிக்கே சுடும். வெறுங்காலோடு நெடுநேரம் தாங்காது.

தேர் போகும் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மேல் உயரழுத்தக் கம்பி உரசி 11 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆகவே போனை முதல் நாளே சார்ஜ் போட்டு, பவர்பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. கூட வந்தவர்களோடு சந்திக்கும் இடத்தை வாயால் பேசி வைத்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டுக்குக் கவலையில்லை. வழிநெடுக நீர்மோரும் பானகமும் அன்னதானமும் உண்டு. மோரில் உப்பு இருக்கும், பானகத்தைவிட வெயிலுக்கு அதுவே தாங்கும்.

மதியம் வெயில் தாங்காதவர்கள் கோயில் குளமான கமலாலயத்தின் கரையில் ஒதுங்கலாம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது ஊர்ப்பேச்சு (வேலி என்பது பழைய நில அளவு). குளத்து நடுவில் ஒரு கோயில் இருக்கிறது. மாலையில் தேர் கீழவீதி நிலைக்கு வரும்போது கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்குக் கிளம்பும். அவசரமில்லை என்றால் ஊரிலேயே தங்கிவிடுங்கள். ஆயில்யத்துக்குப் பிறகு சில நாளில் பங்குனி உத்திரம், அன்று தியாகராஜரின் ஒரு பாத தரிசனம். மறுபாதம் பார்க்க மார்கழித் திருவாதிரைக்கு வர வேண்டும்.